முந்நூறு தடவை போயும் பார்க்காத ஏரி

அந்தச் சுற்றுலாக் கம்பெனியில் அவரை எல்லோரும் ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆளைப் பார்த்து வைத்த பெயர் இல்லை. ஆள், இரட்டைக் கதவு பீரோவுக்குச் சட்டை மாட்டிவிட்டது மாதிரி இருப்பார். அவர் ஏறி உட்கார்ந்தால் பஸ் ஒருமுறை முனகிவிட்டுத்தான் கிளம்பும். ஆனால் நாற்பத்தைந்து இருக்கை வண்டியை, இரண்டு சைக்கிள் எதிரெதிரே வந்தாலே சண்டை மூளும் என்கிற தெருவில்கூட நூல் கோர்ப்பது போலக் கோர்த்து எடுத்துவிடுவார். பின்னால் எடுக்கும்போது கண்ணாடியையே பார்க்க மாட்டார், முதுகில் இரண்டு கண் வைத்துத்தான் அவரைப் பெற்றெடுத்தார்கள் என்று டெப்போவில் சொல்வார்கள்.

பத்தொன்பது வருஷமாக அவருக்கு ஒரே தடம்தான். காலையில் கிளம்பி, ஐந்து மணி நேரம் மலை ஏறி இறங்கி, பழைய ஏரிக்கரை ஊருக்குப் போக வேண்டும். மாலை ஐந்து மணிக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். சீசன் மாதங்களில் மட்டும் ஓடும் வண்டி என்றாலும், கணக்குப் போட்டால் முந்நூறு தடவைக்குக் குறையாது. அந்த ஊரைப் பற்றி அவருக்குத் தெரியாதது கிடையாது. மூன்று விதமான ஜனங்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து குடியேறிய ஊர். கோட்டைச் சுவரில் கீழே பாறாங்கல் அடுக்கியவன் ஒருத்தன், நடுவில் செங்கல் வைத்தவன் ஒருத்தன், மேலே சுண்ணாம்பு பூசி ஜன்னல் வைத்தவன் இன்னொருத்தன். தெருப்பலகையில் மூன்று மொழி எழுத்து. கோபுரங்களில் ஒன்று கூம்பு, ஒன்று குமிழ், ஒன்று சதுரம். ஏரி நடுவே தீவு. எல்லாம் ஊசிக்கு மனப்பாடம்.

ஏனென்றால் எல்லாவற்றையும் காதால் கேட்டிருக்கிறார். கண்ணால் ஒன்றையும் பார்த்ததில்லை.

இது நம்புவதற்குக் கஷ்டம்தான். ஆனால் ஓட்டுநர்களுக்குத் தெரியும். வண்டி நிறுத்துமிடம் ஊருக்குப் பின்பக்கம், வீடுகளுக்கு இந்தப் புறம், கோட்டை வாசலுக்கு உள்ளே சுவரோரமாக இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் சுவர் தெரியும், கழிப்பறை தெரியும், வாட்ச்மேனின் தகரக் கொட்டகை தெரியும். ஏரி தெரியாது. சரிவில் நிற்கும் வண்டியை விட்டு ஓட்டுநர் நகரக் கூடாது என்பது கம்பெனி உத்தரவு. அதோடு ஐந்து மணி நேரம் ஓட்டியவன், திரும்ப ஐந்து மணி நேரம் ஓட்ட வேண்டியவன், நடுவில் கிடைக்கும் நேரத்தில் தூங்குவானா, தண்ணீரைப் பார்க்கப் போவானா? எட்டாவது வருஷம் ஒருநாள் துணிந்து நிறுத்துமிடத்தின் கேட் வரைக்கும் போனார். அதற்குள் ஒரு கார்க்காரர், "யோவ், இந்தத் தேர யாருய்யா இங்க நிறுத்தினது?" என்று கத்த, திரும்பி வந்துவிட்டார். அவர் வாழ்க்கையில் ஏரிக்கு மிக அருகே போனது அன்றைக்குத்தான்.

இதை வீட்டில் சொல்லியிருந்தால் கதையே இல்லை. முதல் பயணம் முடிந்து வந்த அன்றைக்கு, கல்யாணமாகி ஆறு மாதமே ஆகியிருந்த அவர் மனைவி, சட்டையை வாங்கி மாட்டியபடியே கேட்டாள்.

"ஏரி எப்படிங்க இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். "தண்ணி என்ன கலர்?" என்று அவள் கேட்டாள். அவள் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை பார்ப்பவள். கறையைப் பார்த்தே நோயாளி காலையில் என்ன சாப்பிட்டார் என்று சொல்லிவிடுவாள். கலர் விஷயத்தில் அவளிடம் மழுப்ப முடியாது.

"மயில் கழுத்து கலர்," என்றார் ஊசி.

அவ்வளவுதான், பஸ் சரிவில் உருள ஆரம்பித்துவிட்டது. அடுத்த பயணத்துக்கு ஒரு படிக்கட்டு வந்தது. அதற்கடுத்து, தண்ணீரிலிருந்து ஏழாவது படி அவர் உட்காரும் படி ஆனது. பிறகு அந்தப் படியருகே ஒரு டீக்காரர் முளைத்தார். டீக்காரருக்கு ஆஸ்துமா வந்தது. "பாவம், அந்தக் குளிர்ல என்ன பண்றாரோ," என்று மனைவி உட்கார்ந்து இரண்டு மாதம் சாம்பல் நிறத்தில் சிவப்புக் கரை வைத்து ஒரு மப்ளர் பின்னிக் கொடுத்தாள். இல்லாத மனிதனின் கழுத்தில் எங்கே போய்ச் சுற்றுவது? ஊசி அதை வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிட்டு வந்து, "கண்ணு கலங்கிட்டாரு மனுஷன்," என்றார்.

கம்பெனியில் வருஷத்துக்கு ஒருமுறை குடும்பத்துக்கு இரண்டு இலவச இருக்கை உண்டு. பத்தொன்பது வருஷமும் ஊசி அதைத் தட்டிக் கழித்தார். ஒரு வருஷம் தண்ணீர் குறைவு, ஒரு வருஷம் தண்ணீர் அதிகம், ஒரு வருஷம் தண்ணீர் சரியாக இருந்தது, மச்சான் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார். இந்த வருஷம் அவர் பாச்சா பலிக்கவில்லை. அடுத்த மாதத்திலிருந்து அவரை விமான நிலையத் தடத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று தெரிந்ததும், மனைவி தானே ஆபீசுக்குப் போய்ப் படிவத்தை நிரப்பிவிட்டு வந்து நின்றாள்.

"சலவைல பதினோரு பேரு இருக்காங்க. உங்க ஏழாவது படி எல்லாருக்கும் தெரியும். நான் மட்டும் பாக்கலன்னா நல்லாவா இருக்கு? அதுல உக்காந்து ஒரு டீ குடிக்கணும். அவ்ளோதான் எனக்கு வேணும்."

அன்றிலிருந்து ஊசிக்குச் சோறு இறங்கவில்லை. வழக்கமாக நாலு பேர் சாப்பாடு, மூன்று பேர் சாப்பாடாகக் குறைந்துவிட்டது. அவருக்கு இருந்த ஒரே வழி, மனைவி உண்மையைக் கண்டுபிடிப்பதற்குள் தான் ஏரியைக் கண்டுபிடித்துவிடுவதுதான். கண்டுபிடித்து, ஏதாவது ஒரு படியைக் காட்டி, "இதான் ஏழாவது," என்று உட்கார்ந்துவிட வேண்டும். டீக்காரர் செத்துவிட்டார் என்று சொல்லிக்கொள்ளலாம்.

பயணத்தன்று வண்டியை எடுத்தவர் லாரிக்காரர். இருபது வருஷம் சிமெண்ட் லாரி ஓட்டிவிட்டுப் போன வாரம் சேர்ந்தவர். அவருக்கு மனிதர்களும் மூட்டைதான். முதல் வளைவிலேயே நாற்பத்தைந்து பேரும் இடது பக்கம் சாய்ந்து, அறிமுகமில்லாதவர்கள் எல்லாம் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டார்கள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த ஊசியின் வலது கால், இல்லாத பிரேக்கைத் தரையோடு தரையாக மிதித்துக்கொண்டே வந்தது.

"காலக் கொஞ்சம் சும்மா வைங்க," என்றாள் மனைவி. "பூமிக்கு அந்தப் பக்கம் போயிடப் போகுது."

"கியர மாத்தறானா பாரு. இவனுக்கெல்லாம் யாரு லைசென்ஸ் குடுத்தது?"

"நீங்க இன்னிக்கு பயணி. பயணி மாதிரி ஜன்னலுக்கு வெளிய பாருங்க."

ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் பக்கவாட்டில் மரம் ஓடுகிறது. பத்தொன்பது வருஷம் முன்கண்ணாடியில் எதிரே வந்த சாலை, இப்போது பக்கத்தில் நழுவிப் போனது. அவருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பஸ் ஓட்டுநருக்குப் பஸ்ஸில் வாந்தி வந்தது என்று டெப்போவில் தெரிந்தால் ஊரை விட்டே போக வேண்டியதுதான். பல்லைக் கடித்துக்கொண்டார்.

முன்னால் வழிகாட்டி அம்மாள் மைக்கைப் பிடித்தாள். குரல் எட்டூருக்குக் கேட்கும் என்பதால், அவளைவிட மூத்த மேனேஜர்கூட அவளை மைக்கக்கா என்பார். "நண்பர்களே, நாம் இப்போது..." என்று அவள் தொடங்குவதற்குள், "மூன்று பண்பாடுகள் கைகோத்த மண்ணுக்குள் நுழைகிறோம்," என்று ஊசியின் வாய் தானாக முணுமுணுத்தது.

"அவங்க சொல்றதுக்கு முன்னாடியே சொல்றீங்களே," என்றாள் மனைவி. "வேற எதாச்சும் சொல்லுங்க. நீங்க பாத்தத சொல்லுங்க."

"அங்க போய் சொல்றேன்."

ஊசி மைக்கக்காவின் கண்ணில் படாமல் குனிந்துகொண்டார். ஆனால் அவ்வளவு பெரிய உடம்பைக் குனிந்து மறைக்க முடியாது. மைக்கக்காவுக்கு உண்மை தெரியும். வாய் தவறி, "அண்ணே, இன்னிக்காச்சும் ஏரியப் பாக்கப் போறீங்க," என்று ஒரு வார்த்தை விட்டால் போதும், குடும்பம் குளத்தோடு போய்விடும். அதனால் வண்டி நின்றதும் முதல் ஆளாக இறங்கி, மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார்.

"கூட்டம் அந்தப் பக்கம் போகுதுங்க."

"கூட்டத்தோட போனா முதுகுதான் பாக்கலாம். எனக்கு வேற வழி தெரியும்."

இங்கேதான் ஊசி தன் தொழிலால் மாட்டிக்கொண்டார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவரின் கால்களுக்கு ஒரு குணம் உண்டு. பஸ் நுழையும் தெருவைத்தான் அவை தெரு என்று ஒத்துக்கொள்ளும். முனை வந்தால் அவர் நின்று, இரு பக்கமும் பார்த்து, திரும்ப இடமிருக்கிறதா என்று அளந்துவிட்டு, அகலமான பக்கமே திரும்பினார். குறுகலான சந்து எத்தனையோ வந்தது. அவர் கண்ணுக்கு அவை சுவரில் விட்ட விரிசல்.

"இந்த சந்துல போய்ப் பாக்கலாமா?" என்று மனைவி இரண்டு தடவை கேட்டாள்.

"அதுல போனா திருப்ப முடியாது."

"எதத் திருப்ப முடியாது?"

ஊசி அகலத் தெருவிலேயே நடந்தார். அந்த ஊரில் அகலமான தெரு எல்லாமே வண்டிகளுக்காகப் பிற்காலத்தில் போட்டது. எல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வரும். இருபது நிமிஷம் நடந்து, ஒரு சதுரக் கோபுரத்தின் பின்பக்கத்தைத் தாண்டி, திரும்பினால் கழிப்பறை, தகரக் கொட்டகை, பஸ்.

"இது நாம இறங்கின இடம் மாதிரி இருக்கே."

"மாதிரிதான் இருக்கும். இங்க எல்லா இடமும் ஒரே மாதிரிதான் இருக்கும்."

மறுபடி கிளம்பினார்கள். இந்தத் தடவை இடது பக்கம். கோட்டைச் சுவர் ஓரமாகவே போனார்கள். கல், செங்கல், சுண்ணாம்பு என்று மைக்கக்கா சொன்னபடியே மூன்று அடுக்கு. ஒரு வீட்டுக்கு வாசல் ஒரு நாட்டுக்காரன் கட்டியது மாதிரியும், ஜன்னல் அவன் எதிரி கட்டியது மாதிரியும், கூரை இரண்டு பேரையும் பார்க்காதவன் போட்டது மாதிரியும் இருந்தது. மாடியில் பன்னிரண்டு படுக்கை விரிப்புகள் காய்ந்தன. மனைவி நின்று பார்த்தாள். "நீலம் அதிகமா போட்டுட்டாங்க," என்றாள். அதற்குமேல் ரசிக்க ஊசி விடவில்லை. அவருக்கு வியர்த்துச் சட்டை முதுகில் வரைபடம் போட்டிருந்தது. முக்கால் மணி நேரம் நடந்தார்கள். மனைவியின் செருப்பு கடித்தது. திரும்பினால் கழிப்பறை, தகரக் கொட்டகை, பஸ்.

மூன்றாவது தடவையும் அதே கதைதான், பஸ்தான் மறுபக்கம் திரும்பி நின்றது. மணி மூன்றரை. ஊசிக்கு அந்த ஊரின் மேல், மூன்று விதமான ஜனங்கள் மேல், குறிப்பாக சாலை போட்ட நாலாவது விதத்தின் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு ஏரி என்ன மூக்குத்தியா, தொலைந்து போக? ஊரைவிடப் பெரிது என்கிறார்கள். எங்கே கொண்டுபோய் ஒளித்து வைத்திருக்கிறார்கள்?

அப்போது கொட்டகையிலிருந்து வாட்ச்மேன் வெளியே வந்தார். கழுத்தில் சாம்பல் மப்ளர், சிவப்புக் கரை.

"அடடே, ஊசியண்ணே. என்ன இன்னிக்கு கலர் சட்டை? வண்டி ஓட்டலியா?"

ஊசி கண்ணைக் காட்டினார். வாட்ச்மேனுக்குக் கண்ணால் பேசுகிற பாஷை எல்லாம் தெரியாது.

"அண்ணியா? வாங்க அண்ணி. மப்ளர் சூப்பர் அண்ணி, நாலு வருஷமா கழுத்த விட்டு எடுக்கல. இன்னிக்காச்சும் அண்ணன ஏரிக்குக் கூட்டிட்டு போங்க. முந்நூறு தடவ வந்துட்டாரு, இந்தக் கேட்ட தாண்டினதில்ல. கதவத் தொறந்து போட்டு தூங்குவாரு பாருங்க, அந்தக் குறட்டைல என் கொட்டகையே ஆடும்."

மனைவி மப்ளரைப் பார்த்தாள். கிட்டே போய் அதன் நுனியை விரலால் தடவிப் பார்த்தாள். அவள் விட்ட ஒரு தவறான முடிச்சு அதில் அப்படியே இருந்தது. ஊசியைப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் ஊசி தப்பித்திருப்பார்.

"டீக்காரரு?" என்றாள்.

"இல்ல."

"ஆஸ்துமா?"

"அதுவும் இல்ல."

"நான் அவருக்காக ரெண்டு வாட்டி விளக்கேத்தி வேண்டிக்கிட்டேங்க."

அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். தரையைப் பார்த்தாள். கழிப்பறைக்குப் பக்கத்திலிருந்து ஒரு சின்ன வடிகால், கை அகலம்தான் இருக்கும், சுவரோரமாக ஓடி இரண்டு வீட்டுக்கு நடுவிலிருந்த ஒரு விரிசலுக்குள் நுழைந்தது. முப்பது வருஷமாகத் துணி அலசிய தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று பார்த்தே வாழ்ந்தவள் அவள். தண்ணீர் போன பக்கமே நடந்தாள். திரும்பிப் பார்க்காமல் அந்தச் சந்துக்குள் போய் மறைந்தாள்.

ஊசி பின்னாலேயே போக இரண்டு எட்டு வைத்திருப்பார். பின்னால் 'கிறீச்' என்று ஒரு சத்தம். உலகத்தில் உள்ள எல்லாத் தகரத்தையும் ஒரே நகத்தால் கீறியது மாதிரி இருந்தது.

லாரிக்காரர் டீசல் போட வண்டியை எடுத்திருக்கிறார். வெளியே போக ஒரே வழி, கோட்டையின் பழைய வளைவு வாசல். காலையில் அதே வாசலில் சுகமாக உள்ளே வந்த பஸ், இப்போது பின்பக்கக் கூரையிலிருந்த ஏசி பெட்டி வளைவில் இடித்துச் சிக்கி நின்றது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. வாட்ச்மேன் தலையில் கை வைத்துக்கொண்டு, "மூணு ராஜா கட்டினது, மூணு ராஜா கட்டினது," என்று மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். வெளியே பதினைந்து வண்டி ஹார்ன் அடித்தது.

"அண்ணே," என்று லாரிக்காரர் ஜன்னலில் தலையை நீட்டினார். "காலைல நுழைஞ்சுதேண்ணே. இப்ப எப்படிண்ணே வளந்துச்சு?"

"காலைல உள்ள நாப்பத்தஞ்சு பேரு இருந்தாங்கடா. வண்டி அமுங்கி இருந்துச்சு. காலி வண்டிய யாராச்சும் இந்த வாசல்ல விடுவானா? இத உனக்கு யாரும் சொல்லலியா?"

"யாரும் சொல்லலியேண்ணே."

சொல்ல வேண்டிய ஆள் ஊசிதான். காலையிலிருந்து ஒளிந்துகொண்டிருந்ததில் மறந்துவிட்டார். அந்தச் சந்துப் பக்கம் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். அவள் இப்போது ஏரியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கல் பெயர்ந்தால் ஊரே திரண்டு வரும். வாய்க்குள் ஏதோ ஒன்றைச் சொல்லி யாரையோ திட்டிவிட்டு, கையைத் தூக்கி ஆட்களைக் கூப்பிட்டார்.

"நல்லா வெயிட்டா இருக்கறவங்க எல்லாம் வாங்க. பின்சீட்டுல ஏறி உக்காருங்க. ஒல்லியா இருக்கறவங்க வேடிக்கை பாருங்க."

கடைக்காரர்கள், மற்ற வண்டி ஓட்டுநர்கள், கழிப்பறை டிக்கெட் கிழிப்பவர் என்று இருபத்திரண்டு பேர் ஏறினார்கள். வண்டி அமுங்கியது. இன்னும் ஒரு விரல் இடம் வேண்டியிருந்தது. எல்லோரும் ஊசியைப் பார்த்தார்கள். அவர் ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்தார். விரல் இடம் கிடைத்தது. அங்கிருந்தபடியே, "இடது நூல் அளவு... பிரேக்க தொடாத... தொடாதன்னா தொடற பாரு," என்று கத்திக் கத்தி வண்டியைப் பின்னால் வரவைத்தார். பத்தொன்பது வருஷம் ஏரிக்கரைக்கு வந்து, கடைசி நாளில் எடைக்கல்லாக உட்கார்ந்திருக்கிறோமே என்று நினைத்துக்கொண்டார். நாற்பது நிமிஷம் போயிற்று. ராஜாக்களின் கல்லில் ஒரு கீறல்கூட இல்லை. ஏசி பெட்டிதான் சப்பையாகியிருந்தது.

அவர் இறங்கியபோது மனைவி கொட்டகை அருகே நின்றிருந்தாள். பாதம் இரண்டும் ஈரம். புடவை ஓரத்தில் சேறு.

"பாத்துட்டியா?"

"பாத்தேன்."

"எவ்ளோ தூரம்?"

"நூத்தி எண்பது அடி எடுத்து வச்சேன்."

முந்நூறு தடவை அவர் தூங்கிய இடத்திலிருந்து நூற்றெண்பது அடி. ஊசி கொட்டகைச் சுவரில் சாய்ந்தார். கொட்டகை ஆடியது.

"மயில் கழுத்து கலர் இல்ல," என்றாள். "படிக்கட்டே இல்ல. சேறுதான்."

"எனக்குத் தெரியாதுமா. நீ ஆசையா கேட்ட. வண்டிலயே தூங்கினேன்னு சொல்ல வாய் வரல. அப்புறம் நிறுத்த முடியல."

"பிரேக்கு போட தெரியாதா உங்களுக்கு? ஊருக்கே சொல்றீங்க." கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டாள். "பதினோரு பேர்கிட்ட வாய் கிழிய பேசியிருக்கேன். நாளைக்கு அவங்க மூஞ்சில எப்படி முழிக்கறது?"

ஊசி கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலே முக்கால். கூட்டம் மைக்கக்காவின் பின்னால் வரிசையாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. மனைவி அவரைப் பார்த்தாள். மழையில் நனைந்த பீரோ மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"செருப்பக் கழட்டுங்க," என்றாள். "வாங்க."

சந்து ரொம்பக் குறுகலாக இருந்தது. ஊசி நேராக நடந்தால் இரண்டு தோளும் உரசியது. பாதி தூரம் நண்டு மாதிரி பக்கவாட்டில் போனார். ஒரு இடத்தில் வயிற்றை உள்ளே இழுக்க வேண்டியிருந்தது. மனைவி முன்னால் நின்று, "வரலாம், வரலாம், வலது கொஞ்சம்," என்று கையைக் காட்டினாள். அவள் சிரிக்கவில்லை.

சந்து முடிந்த இடத்தில் ஏரி இருந்தது.

கலங்கின டீ கலரில், பாதி கண்ணுக்கு எட்டாமல், சத்தமே இல்லாமல் கிடந்தது. அவர் மனதில் பத்தொன்பது வருஷமாகக் கட்டியதில் ஒன்றுகூட அங்கே இல்லை. தீவுகூட இடம் மாறி வலப்பக்கம் இருந்தது. ஊசிக்கு முதலில் வந்தது கோபம்தான். இதற்கா என்று தோன்றியது. பிறகு காற்று வந்தது. தண்ணீர் மேல் சுருக்கம் ஓடி, விரிந்து, ஓடியது. அவர் வாய் பழக்கத்தில், "மூன்று பண்பாடுகள்..." என்று தொடங்கியது.

"மைக்க அணைங்க," என்றாள் மனைவி.

அணைத்தார். இருவரும் சேற்றில் கணுக்கால் வரை நின்றார்கள். வீடுகளுக்கு அப்பாலிருந்து ஹார்ன் கேட்டது. ஒன்று. பிறகு இரண்டு. பிறகு லாரிக்காரர் கையை எடுக்காமல் நீளமாக அடித்தார்.

"நம்மளதான்," என்றாள்.

"அடிக்கட்டும். அவன் வண்டிய வாசல்லருந்து எடுத்து விட எனக்கு நாப்பது நிமிஷம் ஆச்சு. எனக்காக பத்து நிமிஷம் நிக்க மாட்டானா?"

எதிர்க்கரையில் வெள்ளையாக, வளைவு வளைவாக ஏதோ ஒன்று தண்ணீரைத் தொட்டபடி நின்றது. மைக்கக்கா அதைப் பற்றிக் கட்டாயம் சொல்லியிருப்பாள். எது அது என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"அந்தக் கரைல வெள்ளையா இருக்கே, அது என்னம்மா?"

"எனக்கென்ன தெரியும்? நான் இன்னிக்குதான் வர்றேன்." அவள் கண்ணை இடுக்கிக்கொண்டு அதையே பார்த்தாள். "உங்க டீக்காரரக் கேளுங்க."